1954 மாரிஸ் மைனர்: பச்சையா கறுப்பா? யார் வீட்டு வண்டி?

மோல்மீன் பேரன்:

எல்லோருக்கும் வணக்கம். பர்மாவில் மோல்மீனில் எங்கள் வீட்டுக் கொட்டகையில் ஒரு மாரிஸ் மைனர் கார் நிற்கிறது. நாலு கதவு, முன்கண்ணாடி நடுவில் பிரிந்த மாடல், பதிவுப் புத்தகத்தில் 1954 என்று இருக்கிறது. வண்டி ஓடும், ஆனால் தீபாவளி, பொங்கல், தின்ஜான் (பர்மியப் புத்தாண்டு) என்று நல்ல நாளில் மட்டும்தான் வெளியே எடுப்போம். இந்த ஊர் மழை உங்களுக்கே தெரியும், மே மாதம் பிடித்தால் அக்டோபர் வரை விடாது, அதனால் அப்பா தார்ப்பாயைப் போட்டு, கீழே செங்கல் அடுக்கி, பிள்ளை மாதிரி பார்த்துக்கொள்கிறார்.

வண்டியை வாங்கியது என் தாத்தா இல்லை, அவருடைய அண்ணன். இரண்டு பேரும் சேர்ந்துதான் நெல் வியாபாரம் பார்த்தார்கள். 1964-ல் கடைகளை எல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்டது, மே மாதம் 50, 100 கியாட் நோட்டும் செல்லாது என்றாகிவிட்டது. இனி இங்கே என்ன இருக்கிறது என்று பெரிய தாத்தா குடும்பத்தோடு கப்பலேறி மெட்ராஸ் போய்விட்டார். போகும்போது வண்டியைத் தம்பி பேருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். அந்தக் கைமாற்றம் பதிவுப் புத்தகத்தில் இருக்கிறது. தாத்தாவுக்கு அப்புறம் அப்பா.

இப்போது விஷயம் என்னவென்றால், சென்னையில் இருக்கும் பெரிய தாத்தா வீட்டுப் பிள்ளைகளோடு போன வருஷம்தான் வாட்ஸாப்பில் பேச ஆரம்பித்தோம். வண்டிப் படத்தைப் போட்டேன். அவ்வளவுதான், "எங்க தாத்தா வாங்கின வண்டி" என்று அங்கே ஒரே கொண்டாட்டம். சண்டை எல்லாம் இல்லை. ஆனாலும் அப்பாவுக்கு மனசு வருத்தப்பட்டுவிட்டது. பெட்ரோல் ரேஷன் இருந்த காலத்திலும், ஒரு பிரேக் சிலிண்டர் ரப்பருக்கு ரங்கூன் வரை போய் அலைந்த காலத்திலும் அதைக் காப்பாற்றியவர் அவர். அதை அவர் வாயால் சொல்லமாட்டார், நான்தான் சொல்கிறேன்.

இன்னொன்று. பெரிய பாட்டி இன்னும் இருக்கிறார்கள், தொண்ணூறைத் தாண்டியவர். வீடியோவில் காட்டியபோது நன்றாகப் பார்த்துவிட்டு, "இது எங்க வண்டி இல்லப்பா, எங்களது கறுப்பு" என்று சொல்லிவிட்டார்கள். எங்களுக்குத் தெரிந்து இது எப்போதும் கரும்பச்சைதான். வயசாகிவிட்டது, மறந்திருப்பார்கள் என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள், எனக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை.

வண்டியின் உண்மையான கதையை எங்கே தேடுவது? அப்பா இந்த வெயில் காலத்தில் புதுசாகப் பெயின்ட் அடிக்கலாம் என்கிறார், அடிக்கலாமா? சொந்தக்காரர்களோடு இதை எப்படிப் பகிர்ந்துகொள்வது? இப்படிக் குடும்ப வண்டி வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்.

---

ஸ்பானர் செட்டு (ரங்கூன்):

தம்பி, முதலில் பெயின்ட் டப்பாவை மூடச் சொல்லுங்கள். அப்புறம் பானெட்டைத் திறங்கள். எஞ்சினுக்குப் பின்னால் இருக்கும் தடுப்புத் தகட்டில் ஒரு சின்னப் பிளேட் ஆணியடித்திருக்கும். கிரீஸும் தூசியும் ஏறியிருந்தால் மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்தால் போதும், தயவுசெய்து உப்புத்தாள் போடாதீர்கள், எழுத்து போய்விடும்.

1952-க்கு அப்புறம், உங்கள் வண்டி காலத்தில் வந்த மாரிஸ் மைனரில், அந்தப் பிளேட்டில் இருக்கும் வண்டி எண்ணுக்கு முன்னால் மூன்று எழுத்தும் இரண்டு இலக்கமும் இருக்கும், வண்டியின் ஜாதகமே அதுதான். முதல் எழுத்து எஃப் என்றால் மைனர். இரண்டாவது ஏ என்றால் நாலு கதவு, பி என்றால் இரண்டு கதவு. மூன்றாவது எழுத்து தொழிற்சாலையில் அடித்த நிறம், அது ஏ என்றால் கறுப்பு. முதல் இலக்கம் 1 என்றால் இங்கிலாந்திலேயே விற்க வலதுபக்க ஸ்டியரிங்கோடு செய்தது, 2 என்றால் அதே ஸ்டியரிங்கோடு வெளிநாட்டுக்கு அனுப்பியது, 5 என்றால் பாகம் பாகமாக அனுப்பி வந்த ஊரில் பூட்டியது. கடைசி இலக்கம் பெயின்ட் வகை. ஆக, பாட்டி சொன்னது சரியா தப்பா என்று அந்த மூன்றாவது எழுத்தே சொல்லிவிடும்.

பிளேட் போயிருந்தாலும் வழி இருக்கிறது. நடுத்தூணில் இருந்து கை மாதிரி வெளியே நீட்டும் சிக்னல் இருக்கிறதல்லவா, டிராஃபிகேட்டர், அதை மெதுவாக வெளியே இழுத்து உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். மறுபெயின்ட் அடிப்பவர்கள் அந்தப் பள்ளத்துக்குள் போகமாட்டார்கள். டாஷ்போர்டுக்கு அடியிலும் பாருங்கள்.

எஞ்சின் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் மாடலுக்கு வந்தது 803 சிசி, எண் ஏ.பி.எச்.எம். என்று தொடங்கும். வேறு ஏதாவது இருந்தால் நடுவில் மாற்றியிருக்கிறார்கள். அது ஒன்றும் குறை இல்லை. நம் நாட்டில் இறக்குமதி அடைத்துக் கிடந்த காலத்தில், லேத் பட்டறையில் கடைந்த புஷ்ஷும், ஜப்பான் பிக்கப்பில் கழற்றிய கார்புரேட்டரும் போட்டுத்தான் பழைய வண்டி எல்லாம் உயிர் வாழ்ந்தது. வெளிநாட்டுக்காரர்கள் எல்லாமே ஒரிஜினலாக இருக்கவேண்டும் என்பார்கள். நான் அதை ஒப்புக்கொள்ளமாட்டேன். எந்த ஸயா, அதாவது மெக்கானிக் வாத்தியார், எந்தப் பாகத்தை எந்த வருஷம் எப்படிச் செய்தார் என்பதுதான் பர்மாவில் ஒரு காரின் கதை, அதைக் கழற்றி எறிந்துவிட்டு இங்கிலாந்தில் இருந்து புதுப் பாகம் வரவழைத்துப் போட்டால் மிஞ்சுவது என்ன?

இந்த எண்களோடு இங்கிலாந்தில் கேய்டன் என்ற ஊரில் இருக்கும் பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்துக்கு எழுதலாம். பழைய மாரிஸ் தயாரிப்புப் பதிவேடுகள் அங்கே இருக்கின்றன, பணம் கட்டினால் ஹெரிடேஜ் சர்டிஃபிகேட் தருவார்கள். உங்கள் வண்டியின் பக்கம் கிடைத்தால் எந்தத் தேதியில் செய்தது, என்ன நிறம், எங்கே அனுப்பியது எல்லாம் அதில் வரும்.

---

வியாசர்பாடி மகள்:

பர்மாவில் இருந்து வந்த குடும்பம் என்பதால் மறுபக்கத்தில் இருந்து ஒரு வார்த்தை சொல்கிறேன், தம்பி தப்பாக எடுத்துக்கொள்ளவேண்டாம்.

அப்போது கப்பலேறியவர்கள் கையில் கொண்டுவந்தது ரொம்பக் கொஞ்சம். எங்கள் ஆச்சி காதில் கிடந்த தோட்டைக் கூடத் துறைமுகத்தில் கழற்றிக் கொடுத்துவிட்டுத்தான் ஏறினார்கள். இங்கே வந்து முகாம், அப்புறம் குடிசை, அப்புறம் தெருவில் அத்தோ என்ற பர்மா நூடுல்ஸ் கடை. பிள்ளைகளிடம் "நாங்க அங்கே நல்லா இருந்தோம்" என்று சொன்னால், கேட்பவர்களுக்கு அது வெறும் கதை. உங்கள் பெரிய தாத்தா வீட்டுப் பிள்ளைகள் "எங்க வண்டி" என்று குதித்தது வண்டியைக் கேட்டு இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கதை பொய் இல்லை, அது இன்னும் கொட்டகையில் நிற்கிறது என்று தெரிந்த சந்தோஷம் அது. இதை உங்கள் அப்பாவிடம் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள். அவர் எத்தனை பாடுபட்டு அதை வைத்திருக்கிறார் என்பதை அவர்களிடமும் சொல்லுங்கள், சொல்லாமல் அவர்களுக்கு எப்படித் தெரியும்?

பழைய ஃபோட்டோ ஏதாவது வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். எங்கள் சனங்கள் எதை விட்டுவந்தாலும் ஃபோட்டோவைச் சேலை மடிப்பில் வைத்துக் கொண்டுவந்திருப்பார்கள். ஆனால் நிறத்துக்கு அது உதவாது, கறுப்பு வெள்ளைப் படத்தில் கரும்பச்சையும் கறுப்பும் ஒன்றாகத்தான் தெரியும். நம்பர் பிளேட்டைப் பாருங்கள், பின்னால் என்ன கட்டடம், யார் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள். படத்தின் பின்பக்கத்தையும் ஸ்கேன் பண்ணச் சொல்லுங்கள், எழுத்து ஏதாவது இருக்கும்.

பெரிய பாட்டியிடம் இந்த வாரமே பேசுங்கள். "வண்டி என்ன நிறம்" என்று கேட்கவேண்டாம், "அந்த வண்டியில் எங்கே எல்லாம் போனீங்க" என்று கேளுங்கள், தானாக வரும்.

---

தன்லின் அக்கா:

எங்கள் வீட்டில் இருப்பது யுத்த காலத்து வில்லிஸ் ஜீப். அதனால் எனக்கு இந்தத் தலைப்பைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

2011 உங்களுக்கு ஞாபகம் இருக்கும். 40 வருஷத்துக்கு மேற்பட்ட வண்டியை ஒப்படைத்தால் வேறு கார் இறக்குமதி செய்யப் பர்மிட் தருகிறோம் என்று அரசாங்கம் அறிவித்தது. அந்தப் பர்மிட்டுக்கே அப்போது அவ்வளவு விலை. எங்கள் தெருவில் ஹில்மேன், ஆஸ்டின், செவர்லே லாரி எல்லாம் வரிசையாகப் போய் ஒப்படைக்கப்பட்டு இரும்பாகிவிட்டன. கொடுத்தவர்களைக் குறை சொல்லமாட்டேன், பிள்ளையைப் படிக்கவைக்கப் பணம் வேண்டியவர்கள் என்ன செய்வார்கள். எங்கள் அப்பா மட்டும் "ஜீப் போகாது" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். தம்பி, உங்கள் அப்பாவும் அந்த வருஷம் அதே மாதிரி ஒரு முடிவை எடுத்திருக்கிறார். சென்னையில் இருப்பவர்களுக்கு அது தெரியவே தெரியாது. வண்டியின் சரித்திரம் எழுதினால் 1954-ஐப் போல 2011-க்கும் ஒரு பக்கம் வேண்டும்.

நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். ஒரு பெரிய கணக்கு நோட்டு வாங்கி, வண்டியோடு சம்பந்தப்பட்ட எல்லோரையும் எழுதவைத்தோம், எழுத முடியாதவர்கள் பேச நாங்கள் எழுதினோம். 1970 டிசம்பர் 6-ஆம் தேதி நாடே ஒரே நாளில் இடதுபக்கத்தில் இருந்து வலதுபக்கம் ஓட்ட ஆரம்பித்ததை எங்கள் பழைய டிரைவர் பர்மிய மொழியில் சொன்னார், அதை அப்படியே பர்மிய எழுத்தில் வைத்திருக்கிறோம். 1993-ல் தன்லின் பாலம் திறந்த பிறகு ரங்கூன் சொந்தங்களை ஏற்றிக்கொண்டு முதல் தடவை பீலிக்கான் முனீஸ்வரர் கோயில் திருவிழாவுக்கு வந்ததை அத்தை எழுதினார்கள். கடைசியாக இஞ்சினை இறக்கி வேலை பார்த்து முடித்ததும், பெகு ரோட்டில் ஷ்வே ஞாவுங்பின் ஆலமரத்து நாட் சாமியிடம் (நாட் என்றால் பர்மியர் வணங்கும் காவல் ஆவி) கொண்டுபோய், வண்டியை முன்னும் பின்னும் மூன்று தடவை நகர்த்தி வணங்கி, கண்ணாடியில் சிவப்பு வெள்ளைத் துணி கட்டி வந்தோம், அதுவும் நோட்டில் இருக்கிறது. நோட்டு ஒன்றுதான், ஆனால் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து எல்லா வீட்டுக்கும் அனுப்புவோம்.

சொத்து விஷயத்தை மட்டும் வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். பேர் யார் பேரில் இருக்கிறதோ அவர்தான் ஓனர், வரி கட்டுபவரும் அவர்தான், அதில் குழப்பம் வேண்டாம். ஆனால் விற்பதாக இருந்தால் முதலில் மற்ற வீட்டுக்குச் சொல்லிவிட்டுத்தான் விற்போம் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் அந்தத் தாள் வந்த பிறகுதான் சித்தப்பா பிள்ளைகள் டயருக்குப் பணம் அனுப்ப ஆரம்பித்தார்கள்!

---

மோல்மீன் பேரன்:

மூன்று பேருக்கும் நன்றி. நேற்று அப்பாவும் நானும் பானெட்டைத் திறந்தோம். பிளேட் இருக்கிறது. எஃப்.ஏ.ஏ., அதற்குப் பக்கத்தில் 21. மூன்றாவது எழுத்து ஏ! அப்படியும் அப்பா நம்பவில்லை. டிராஃபிகேட்டரை இழுத்து டார்ச் அடித்தோம், உள்ளே தகடு நல்ல கறுப்பு, பச்சை விளிம்போடு நின்றுவிட்டது. அப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை, அப்புறம் அவரே சென்னைக்குப் போன் போட்டு "பெரியம்மா, நீங்க சொன்னதுதான் சரி" என்றார். அந்த முனையில் ஒரே சிரிப்பு, உடனே கதையும் ஆரம்பமாகிவிட்டது. தட்டோனுக்கு நெல் பார்க்கப் போகும்போது மார்த்தபானுக்கு ஃபெர்ரியில் வண்டியை ஏற்றியது, ஆற்று நடுவில் குழந்தை அழுதது என்று வந்துகொண்டே இருந்தது, தங்கை எல்லாவற்றையும் ரெக்கார்ட் பண்ணிவிட்டாள்.

பச்சை எப்போது வந்தது என்பதும் தெரிந்துவிட்டது. தாத்தாவிடம் வண்டி ஓட்டிய பெரியவர் முடோன் பக்கம் மகன் வீட்டில் இருக்கிறார், அவரிடம் போனோம். கடை போன பிறகு, கறுப்புக் கார் என்றால் முதலாளி வண்டி என்று அதிகாரிகள் கண்ணில் படும் என்று தாத்தா பயந்தாராம், அப்போது கையில் கிடைத்த பச்சைப் பெயின்டை இரவோடு இரவாகக் கொட்டகைக்குள்ளேயே இரண்டு பேரும் தூரிகையால் அடித்தார்களாம். இப்போதும் பின்கதவில் விரலை ஓட்டினால் தூரிகைக் கோடு தட்டுப்படுகிறது. சின்ன வயதில் இருந்து அந்தக் கோட்டைத் தடவியிருக்கிறேன், மட்டமான வேலை என்று நினைத்திருந்தேன்.

ஆக, பெயின்ட் அடிப்பது நின்றுவிட்டது. சென்னையில் இரண்டு பேர் கறுப்பாக மாற்றவேண்டும் என்கிறார்கள், பாதிச் செலவும் தருகிறார்களாம். நானும் அப்பாவும் பச்சையைத் தொடக்கூடாது என்கிறோம். பெரிய பாட்டி இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. ஸ்பானர் அண்ணே, உங்கள் கருத்து என்ன?

---

ஸ்பானர் செட்டு (ரங்கூன்):

பச்சை இருக்கட்டும். தாத்தா கையால் அடித்த பெயின்ட், உரித்தால் திரும்ப வராது, கறுப்பை எப்போது வேண்டுமானாலும் அடிக்கலாம். துரு ஏறிய இடத்தில் மட்டும் சுரண்டி, பிரைமர் போட்டு, அதே நிறத்தைத் தொட்டு வையுங்கள். கதவுக்குக் கீழே ஓடும் சில், பின் ஸ்பிரிங் பிடிக்கும் இடம், தரைத் தகடு, இந்த மூன்றையும் அடியில் படுத்துத் தட்டிப் பாருங்கள், மைனருக்கு முதலில் அங்கேதான் போகும்.

சென்னைப் பணம் வந்தால் அதில் முன்சக்கரத்தைத் தாங்கித் திரும்பவைக்கும் டிரன்னியன் என்ற இணைப்பைப் புதுசு போடுங்கள். கிரீஸ் இல்லாமல் தேய்ந்தால் அது கழன்று, ஓடும்போதே சக்கரம் மடங்கிவிடும், மைனருக்கு இருக்கும் பெரிய ஆபத்தே அதுதான். அதை முடிக்காமல் சொந்தக்காரர்களை ஏற்றிக்கொண்டு எங்கேயும் கிளம்பவேண்டாம். பழைய டிரன்னியனைத் தூக்கிப் போடாதீர்கள். துணியில் சுற்றி, கழற்றிய தேதி எழுதி, டிக்கியில் வையுங்கள். எஞ்சின் எண் என்ன என்று நீங்கள் இன்னும் சொல்லவில்லையே?