கிரீம் சிக்கன் செய்தால் சாஸ் திரிந்துபோகிறது, தண்ணீரும் விடுகிறது. யாராவது வழி சொல்லுங்களேன்

பீளமேட்டு அடுப்படி:

எல்லோருக்கும் வணக்கம். ஒரே வாணலியில் செய்யும் கிரீம் சிக்கன் பற்றிச் சந்தேகம். பூண்டு, உலர்ந்த தக்காளி, கீரை, கிரீம், சீஸ் எல்லாம் போட்டு ‘டஸ்கன் சிக்கன்’ என்று வீடியோக்களில் செய்கிறார்களே, அதுதான். மகளுக்கு உயிர். கடையில் வாங்கிக் கொடுத்துக் கட்டுப்படியாகவில்லை. வீட்டில் செய்தால், கிரீம் ஊற்றிக் கொதி வந்ததுமே சாஸ் பொடிப்பொடியாகத் திரிகிறது. ஓரத்தில் எண்ணெய் மிதக்கிறது, அடியில் தண்ணீர் நிற்கிறது, சிக்கன் ரப்பர். வாயில் வைத்தால் சுவை இருக்கிறது. ஆனால் தட்டைப் பார்த்ததுமே வேண்டாம் என்று எழுந்துவிடுகிறார்கள்.

நான் செய்யும் விதம்: அரை கிலோ எலும்பில்லாத நெஞ்சுக்கறியைக் கழுவி, இரண்டு கரண்டி தயிர், அரை எலுமிச்சை, இஞ்சி பூண்டு விழுது, மிளகுத்தூள், உப்பு போட்டு ஒரு மணி நேரம் ஊறவைப்பேன். நான்ஸ்டிக் வாணலியில் மொத்தமாகப் போட்டு, மூடி, பதினைந்து நிமிடம் வேகவிடுவேன். உலர்ந்த தக்காளி இங்கே லேசில் கிடைப்பதில்லை, விலையும் அதிகம். அதனால் நாட்டுத் தக்காளி இரண்டு நறுக்கிப் போடுகிறேன். அது குழைந்ததும் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கிரீம் 200 மில்லி, கொதித்ததும் சீஸ், கடைசியில் கீரை.

கிரீம் பாக்கெட்டில் கொழுப்பு 25 சதவீதம் என்று போட்டிருக்கிறது. வேறு கம்பெனி கிரீம் வாங்க வேண்டுமா? கார்ன்ஃப்ளார் கரைத்து ஊற்றினால் சரியாகிவிடுமா?

மிளகு ரசம்:

பேசாமல் ‘சிக்கன் பனீர்’ என்று பெயர் மாற்றிப் பரிமாறிவிடுங்கள். உதவி எதுவும் தெரியாது, படிக்க வந்தேன்.

வாணலி வாத்தியார்:

ரசம் விளையாட்டாகச் சொன்னாலும் விஷயம் அதேதான். சூடான பாலில் எலுமிச்சை பிழிந்தால் பனீர். நீங்கள் சூடான கிரீமில் தயிர், எலுமிச்சை, நாட்டுத் தக்காளி என்று மூன்று புளிப்பைச் சேர்த்துக் கொதிக்கவும் வைக்கிறீர்கள். பாலில் உள்ள கேசின் என்ற புரதம் புளிப்பும் சூடும் ஒன்றாகச் சேர்ந்தால் திரண்டுவிடும். தயிரைத் தனியாகக் கொதிக்கவைத்தாலே திரியும். மோர்க்குழம்பு நுரை கட்டியதும் ஏன் இறக்குகிறோம்?

கிரீமைக் குறை சொல்ல வேண்டாம். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் பார்க்கும் வீடியோக்களில் முக்கால்வாசி அமெரிக்க வீடியோக்கள். டஸ்கன் என்றால் இத்தாலியின் டஸ்கனி பகுதியைச் சேர்ந்தது. ஆனால் பெயரில்தான் இத்தாலி, உணவு அமெரிக்க வீட்டுச் சமையல். அவர்கள் ஊற்றும் ‘ஹெவி கிரீம்’ என்பதில் கொழுப்பு குறைந்தது 36 சதவீதம் இருக்கும். கொழுப்பு கூடக்கூடப் புரதத்தின் பங்கு குறையும், திரிவதற்கான ஆளே அங்கே குறைவு. அதனால் அவர்கள் தளதளவென்று கொதிக்கவிட்டாலும் தாங்குகிறது. நம் 25 சதவீதம் அந்த முரட்டுத்தனத்தைத் தாங்காது. கம்பெனியை மாற்றிப் பயனில்லை, கையாளும் விதத்தை மாற்ற வேண்டும்.

அடுத்தது தண்ணீர். கழுவிய ஈரம், தயிரின் தண்ணீர், மொத்தமாகப் போட்டு மூடியதில் கறி விட்ட தண்ணீர், அப்புறம் தக்காளி, கீரை. இத்தனையும் உள்ளே இருக்கிறது. இது வறுத்த சிக்கன் இல்லை, அவித்த சிக்கன். குழம்புக்கு இந்த முறை பிரமாதம், இதற்கு ஆகாது.

பீளமேட்டு அடுப்படி:

நன்றிங்க அண்ணா. ஆனால் தயிர் போடாவிட்டால் கறி எப்படி மெத்தென்று ஆகும்? தந்தூரிக்கெல்லாம் தயிர்தானே போடுகிறோம்?

வாணலி வாத்தியார்:

தந்தூரியில் தயிர் கறியோடு ஒட்டிக் காய்ந்துவிடும், சாஸ் ஆக வேண்டிய வேலை அதற்கு இல்லை. இங்கே உப்பு ஒன்றே போதும். அரை கிலோவுக்கு முக்கால் டீஸ்பூன் உப்பு, மிளகு தடவி அரை மணி நேரம் வையுங்கள். முதலில் கறி தண்ணீர் விடும், பிறகு அதையே திரும்ப இழுத்துக்கொள்ளும். வாணலியில் போடும் முன் துணியாலோ டிஷ்யூவாலோ ஒற்றி எடுங்கள். மேல்பக்கம் தொட்டால் கையில் ஈரம் ஒட்டக் கூடாது. இதை மட்டும் தவறாமல் செய்தாலே பாதி வித்தியாசம் தெரியும்.

ரப்பர் ஆவதற்குக் காரணம் பதினைந்து நிமிடம். நெஞ்சுக்கறியில் கொழுப்பு மிகக் குறைவு. உள்சூடு 74 டிகிரி தொட்டால் வெந்தாகிவிட்டது, அதற்கு மேல் போகிற ஒவ்வொரு நிமிடமும் அது காய்கிறது. கனமான துண்டைப் படுக்கை வாட்டில் இரண்டாகப் பிளந்தால் பக்கத்துக்கு நான்கு நிமிடம் போதும். என்னைக் கேட்டால் நெஞ்சுக்கறியே வேண்டாம். கறிக்கடையில் தொடைக்கறியை எலும்பு எடுத்துத் தரச் சொல்லுங்கள். கொஞ்சம் முகம் சுளிப்பார், தருவார். தொடை இரண்டு நிமிடம் கூடுதலாக வெந்தாலும் மன்னிக்கும்.

செல்லம்மா பேத்தி:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். கோழியைக் கழுவவே கூடாது என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்களே? கழுவாத கறியை எங்கள் வீட்டில் அடுப்பில் வைத்தால் என் மாமியார் அடுப்படியை விட்டே வெளியே போய்விடுவார்.

வெம்பிளிக்காரி:

இங்கே பிரிட்டனில் உணவுத் தரக் கழகமே கழுவ வேண்டாம் என்றுதான் சொல்கிறது. கழுவும்போது தெறிக்கும் தண்ணீரில் கேம்பிலோபாக்டர் என்ற கிருமி சிங்க், பாத்திரம், பக்கத்தில் இருக்கும் சாலட் என்று எல்லா இடத்துக்கும் பரவும். வேகும் சூட்டில் கிருமி செத்துவிடும் என்பதால் கழுவுவதில் லாபமும் இல்லை. ஆனால் இங்கே கறி பெட்டியில் சுத்தமாக வருகிறது. ஊரில் கண்முன்னே வெட்டி, ரத்தமும் இறகுமாகத் தரும் கறிக்கு இதே பேச்சைப் பேச எனக்கு மனம் வரவில்லை. கழுவித்தான் ஆக வேண்டும் என்றால் குழாயைத் திறந்துவிட்டு அடிக்காமல், ஒரு பாத்திரத்துத் தண்ணீரில் மெதுவாக அலசி எடுங்கள். பிறகு சிங்கைச் சோப்புப் போட்டுத் தேயுங்கள், நன்றாக ஒற்றிக் காயவையுங்கள்.

கிரீம் பற்றி ஒரு வார்த்தை. இங்கே ‘டபுள் கிரீம்’ 48 சதவீதம், என்ன செய்தாலும் அசையாது. ‘சிங்கிள் கிரீம்’ 18 சதவீதம்தான். விலை குறைவு என்று அதை வாங்கிக் கொதிக்கவிட்டால், இங்கேயும் உங்கள் கதைதான்.

சுன்னாகம் சமையல்:

தங்கச்சி, எங்கட பக்கம் கோழிக்கறிக்குத் தேங்காய்ப்பால் விடுற முறையை யோசிச்சுப் பாருங்கோ. தண்ணிப்பாலில கறியை வேக வைச்சு, கட்டிப்பாலைக் கடைசியாத்தான் விடுவம். விட்ட பிறகு கொதிக்க விடமாட்டம், ஓரம் மெல்லப் பொங்க இறக்கிடுவம். தேசிக்காய்ப் புளி, அதான் உங்கட எலுமிச்சைச் சாறு, அடுப்பை நிப்பாட்டின பிறகுதான். உங்கட கிரீமைக் கட்டிப்பால் எண்டு நினைச்சு நடத்துங்கோ, திரியாது.

கிரீமுக்குப் பதிலாத் தேங்காய்ப்பாலே விட்டும் செய்யலாம். பூண்டும் மிளகும் போட்டுச் செய்தால் நல்ல உருசி. ஆனால் சீஸ் போடாதேங்கோ, ரெண்டும் சேராது.

வாணலி வாத்தியார்:

சுன்னாகம் அக்கா ரெண்டு வரியில் முடித்துவிட்டார்கள். நான் வரிசையை மட்டும் எழுதிவிடுகிறேன்.

வாணலி எவர்சில்வரில் அடி கனமானதாக இருந்தால் நல்லது. இரும்பு என்றால் தக்காளியின் புளிப்பு இரும்பு வாடையைக் கிளப்பும், நன்றாகப் பழகிய வாணலி என்றால் சமாளிக்கலாம். நான்ஸ்டிக் தவறில்லை, ஆனால் அதில் அடிப்பிடிக்காது. இந்தச் சமையலின் ருசியே அந்த லேசான அடிப்பிடிப்பில்தான் இருக்கிறது. ஒரே வாணலியில் செய்வது பாத்திரம் கழுவும் வேலை மிச்சம் என்பதற்காக மட்டும் இல்லை.

முதலில் தக்காளி. விதையும் சாறும் நீக்கி, எண்ணெயில் ஒரு சிட்டிகை உப்போடு சிறு தீயில் தொக்குப் பதம் வரும்வரை சுருள வதக்கித் தனியாக எடுத்துவையுங்கள். ரொம்பப் புளித்த தக்காளி என்றால் ஆப்பசோடா துளி, நிஜமாகவே துளி, போடுங்கள். நுரைத்து அடங்கும், புளிப்பு குறையும். வாணலியைத் துடைத்து எண்ணெய் ஊற்றி நன்றாகக் காயவிட்டுக் கறியை இடைவெளி விட்டு அடுக்குங்கள். இடம் போதாவிட்டால் இரண்டு தடவையாக. மூடக் கூடாது, கிளறக் கூடாது. தானாக அடியை விட்டு வரும்போது திருப்பினால் பொன்னிறமாக இருக்கும். இரண்டு பக்கமும் ஆனதும் தட்டில் எடுத்துவிடுங்கள். உள்ளே முழுதாக வேகாவிட்டாலும் பரவாயில்லை, பிறகு சாஸில் வேகும்.

தீயைக் குறைத்து நறுக்கிய பூண்டு ஆறேழு பல், வாசனை வரும்வரை மட்டும். அரை கப் தண்ணீரோ கோழி வேகவைத்த சாறோ ஊற்றி, அடியில் ஒட்டிய பழுப்பை மரக்கரண்டியால் சுரண்டுங்கள். தக்காளித் தொக்கு, கறி, தட்டில் வடிந்த சாறு எல்லாம் உள்ளே போகட்டும். கறி வெந்து தண்ணீர் பாதியாக வற்ற வேண்டும். துண்டை நடுவில் வெட்டிப் பார்த்தால் எங்கேயும் சிவப்பு இருக்கக் கூடாது.

இப்போதுதான் கிரீம். முன்னதாகவே வெளியே எடுத்து வைத்துக் குளிர் விட்டிருக்க வேண்டும். ஒரு டீஸ்பூன் கார்ன்ஃப்ளாரை அதிலேயே கட்டியில்லாமல் கலக்கிக்கொள்ளுங்கள். நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான்: திரிந்த பிறகு கார்ன்ஃப்ளார் ஊற்றினால் திரிந்த சாஸ் கெட்டியாகும், அவ்வளவுதான். திரிவதற்கு முன் கலந்தால் காக்கும். வாணலியின் சூடான சாறு இரண்டு கரண்டியைக் கிரீமில் விட்டுக் கலக்கி, பிறகு மொத்தத்தையும் சிறு தீயில் ஊற்றுங்கள். ஓரத்தில் குமிழ் வந்து இரண்டு நிமிடம் ஆனால் போதும்.

சீஸில் ஒரு உபாயம். விலையுயர்ந்த பார்மசான் சூட்டில் போட்டால் சில சமயம் நூலாகத் திரளும். நம் கடைகளில் கிடைக்கும் கட்டிச் சீஸ், அதாவது பிராசஸ்டு சீஸ், ஒரு துண்டு துருவிப் போட்டுப் பாருங்கள். அதில் சிட்ரேட், பாஸ்பேட் போன்ற உப்புகள் சேர்த்திருப்பார்கள், அட்டையின் பின்னால் பெரும்பாலும் 331, 339 என்று எண் இருக்கும். கொழுப்பும் தண்ணீரும் பிரியாமல் பிடித்துவைப்பது அவற்றின் வேலை, உங்கள் சாஸுக்கும் அதே வேலையைச் செய்யும். உப்பு ஏற்கெனவே இருப்பதால் கடைசியில் ருசி பார்த்துவிட்டு உப்புப் போடுங்கள்.

செல்லம்மா பேத்தி:

திரிந்தே போய்விட்டால்? கொட்டத்தான் வேண்டுமா?

வாணலி வாத்தியார்:

கொட்டாதீர்கள், கெட்டுப்போன பால் இல்லை அது. கறித் துண்டுகளை எடுத்துவிட்டு, சாஸ் நன்றாக ஆறிய பிறகு வெந்நீரில் ஊறிய முந்திரி பத்துப் பன்னிரண்டோடு மிக்ஸியில் அடியுங்கள். சூட்டோடு அடித்தால் ஆவி மூடியைத் தூக்கி எறியும், கூரையில் கிரீம் ஒழுகும், முகத்திலும் படும். அரைத்ததைச் சிறு தீயில் சூடாக்கிக் கறியைப் போட்டால் ‘ஒயிட் கிரேவி’ என்று வைத்துக்கொள்ளலாம். ஹோட்டல்களில் முந்திரி இல்லாமல் ஒயிட் கிரேவி ஏது?

பீளமேட்டு அடுப்படி:

நேற்று இரவு தொடைக்கறியில் செய்தேன். திரியவில்லை! கரண்டியின் முதுகில் ஒட்டி நிற்கிற பதத்தில் வந்தது. கடைக்காரர் முகம் சுளித்ததும் உண்மை. தக்காளியைத் தனியாகச் சுருட்டியது பெரிய வேலை என்று நினைத்தேன், ஆனால் அந்த ஒன்றுதான் நிறத்தையே மாற்றியது.

ஒரு குறை மட்டும். கீரை போட்டதும் சாஸ் மறுபடி கொஞ்சம் நீர்த்துவிட்டது, கொழகொழப்பும் வந்தது. கொஞ்சம் மீதி இருக்கிறது, நாளைக்கு மகளின் லஞ்ச் பாக்ஸுக்குச் சூடாக்கினால் திரியுமா?

வெம்பிளிக்காரி:

கொழகொழப்பு என்றால் கொடிப்பசலை வாங்கியிருப்பீர்கள். இதற்குப் பாலக்கீரை வேண்டும். அதையும் தனியாக ஒரு நிமிடம் வதக்கி, பிழிந்துவிட்டுப் போடுங்கள். முருங்கைக்கீரையைக் கைப்பிடி வதக்கிப் போட்டாலும் நன்றாகவே இருக்கிறது, நான் செய்கிறேன். அசல் செய்முறைக்காரர்கள் கோபித்துக்கொள்ளட்டும்.

மீதியை ஆறியதும் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டீர்கள்தானே? இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்திருந்தால் குழந்தைக்குக் கொடுக்க வேண்டாம். சூடாக்கும்போது இரண்டு கரண்டி பால் விட்டு, சிறு தீயில், கிளறிக்கொண்டே. மைக்ரோவேவ் என்றால் பாதி சூட்டில் வைத்து அரை நிமிடத்துக்கு ஒரு தடவை எடுத்துக் கிளறுங்கள். முழுச் சூட்டில் வைத்தால் எண்ணெய் பிரியும். கறி நடுவரை ஆவி பறக்கச் சூடாகிவிட்டதா என்று ஒரு துண்டைப் பிய்த்துப் பாருங்கள். சூடு காக்கும் டப்பாவில் போடுங்கள், மத்தியானத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும்.

பீளமேட்டு அடுப்படி:

எட்டு மணிக்கே ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டேன் அக்கா. கீரை விஷயம் சரிதான், கொடிப்பசலையேதான் வாங்கியிருந்தேன். எல்லோருக்கும் ரொம்ப நன்றிங்க.

மிளகு ரசம்:

அப்போ சிக்கன் பனீர் கிடையாதா?