பார்க்கின்சன் உள்ளவருக்கு இரவில் தூக்கமில்லை, மாத்திரை தரலாமா?

செம்பூர் கல்யாணி

என் கணவருக்கு வயது 71. மும்பை புறநகர் ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆறு ஆண்டுகளாகப் பார்க்கின்சன், உடம்பு நடுங்கி விறைத்துப்போகும் நரம்பு நோய். பகலை எப்படியோ சமாளித்துவிடுகிறோம், இரவுதான் முடியவில்லை. நள்ளிரவு தாண்டியதும் கனவில் மராத்தியில் கத்துகிறார்: கதவில் தொங்காதே, உள்ளே போ என்று. கையும் வீசுகிறது. போன வியாழக்கிழமை கொசுவலைக் கயிறு அறுந்து, முஷ்டி என் தாடையில் பட்டது. எழுப்பியதும், "உன்னையா அடித்தேன்?" என்று நடுங்கும் விரல்களால் என் முகத்தைத் தடவிப் பார்த்தார்.

மூன்று மணிக்கு மறுபடி விழிப்பு. தானாகப் புரள முடியாது. "கொஞ்சம் திருப்பிவிடேன்" என்று மெல்லக் கூப்பிடுவார். சிறுநீருக்கு மூன்று முறை எழ வேண்டும். காலையில் நாளிதழ் மடியில் இருக்கும், அவர் உறங்கிக்கொண்டிருப்பார்.

பக்கத்து மருந்துக் கடையில் ஒரு தூக்க மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். அன்றிரவே குளியலறை வாசலில் விழுந்தார். மறுநாள் மதியம்வரை என்னை யாரென்று தெரியவில்லை. மகன் வேறு மாத்திரை கேட்கச் சொல்கிறான். எனக்குப் பயமாக இருக்கிறது.

மாட்டுங்காவாசி

அம்மா, கடை மாத்திரை இனி வேண்டவே வேண்டாம். என் தாயாரை ஒன்பது ஆண்டுகள் பார்த்துக்கொண்டவன் என்ற உரிமையில் சொல்கிறேன். "தூக்கமில்லை" என்று மட்டும் சொன்னால் டாக்டரும் தூக்கத்துக்குத்தான் எழுதுவார். நாங்கள் அப்படித்தான் ஓராண்டை வீணடித்தோம்.

பிறகு என் மகளின் பழைய கணக்கு நோட்டில் எழுத ஆரம்பித்தேன். எத்தனை மணிக்கு விழித்தார், விழித்ததும் முதலில் என்ன கேட்டார், பார்க்கின்சனுக்கான முக்கிய மருந்தான லீவோடோபாவைக் கடைசியாக எப்போது போட்டார். பத்தாவது நாளே புலப்பட்டது. அம்மாவுக்குத் தூக்கம் வராமல் இல்லை. எட்டு மணி மாத்திரையின் வேகம் வடிந்ததும் உடம்பு மரக்கட்டையாகி, அந்த வலியில்தான் விழித்திருக்கிறார். லீவோடோபா ரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறத்தாழ ஒன்றரை மணி நேரமே ஆகும் என்று நரம்பியல் டாக்டர் விளக்கினார். படுக்கும்போது மெல்லக் கரையும் வகையில் ஒன்று சேர்த்தார். இரண்டு வாரத்தில் அம்மா தானே ஒருக்களித்துப் படுத்தார்.

இன்னொன்று. ஜரிகையில்லாத பழைய பட்டுப் புடவையை இடுப்புப் பகுதியில் மெத்தைமேல் விரித்து, ஓரங்களை இறுகச் செருகுங்கள். பருத்தி வேட்டி பருத்தி விரிப்பைப் பிடித்துக்கொள்ளும், பட்டு வழுக்கிக்கொடுக்கும். ஆனால் கட்டில் ஓரம்வரை விரிக்காதீர்கள், எழும்போது சறுக்கும்.

இரவுப்பணி செவிலி, முலுண்டு

கல்யாணி அக்கா, கனவில் கை வீசுவது வேறு விஷயம். கனவு காணும் நேரத்தில் நம் தசைகள் செயலற்றுக் கிடக்க வேண்டும். அப்படித் தசைகளைக் கட்டிவைப்பது மூளைத்தண்டு; இந்நோயில் அந்தக் கட்டு தளர்ந்துவிடுகிறது. கனவில் ஓடுபவர் கட்டிலிலும் உதைக்கிறார். நடுக்கம் தொடங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே இது வருவதுண்டு. உங்கள் மேல் அவருக்குக் கோபம் என்று ஒருநாளும் நினைத்துவிடாதீர்கள்.

இதற்கு மெலடோனின் என்ற தூக்க ஹார்மோன் தருவார்கள், அல்லது மிகக் குறைந்த அளவில் குளோனசிபாம் என்ற மயக்கம் தரும் மருந்து. குறட்டை விட்டு நடுவில் மூச்சு நின்று திணறுகிறாரா என்று கவனியுங்கள். அப்படியானால் குளோனசிபாம் ஆபத்து; தள்ளாடி விழவும் வைக்கும். மருந்து வேலை செய்யும்வரை கட்டிலைத் தாழ்த்துங்கள், மேசையை அப்புறப்படுத்துங்கள், நீங்கள் தனிப் படுக்கையில் உறங்குங்கள். இதில் குற்ற உணர்வு வேண்டாம்.

மாத்திரைச் சீட்டையும் பாருங்கள். பார்க்கின்சனுக்குத் தரும் மருந்துகளில் அமான்டடைன், செலிஜிலின் இரண்டும் மாலைக்குப் பின் போட்டால் தூக்கத்தைக் கெடுக்கும். பகல் உறக்கத்துக்கு, இதே நோய்க்குத் தரும் பிரமிபெக்சோல் காரணமாக இருக்கலாம். எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். லீவோடோபாவைத் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. சிறுநீருக்குத் தரும் சில மாத்திரைகள் வயதானவர்களைக் குழப்பிவிடும். "இவருக்குப் பார்க்கின்சன்" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.

செம்பூர் கல்யாணி

படித்ததும் மாத்திரை டப்பாவைத் திறந்தேன். அமான்டடைன் இரண்டாவது வேளை இரவு எட்டு மணிக்கு இருக்கிறது! காலையில் டாக்டரிடம் தொலைபேசியில் கேட்டேன், மதியம் இரண்டு மணிக்கு மாற்றச் சொன்னார். மற்றவற்றை நேரில் பேச வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.

செவிலித் தங்கைக்கு ஒன்று சொல்ல வேண்டும். நடுக்கத்துக்கு நான்கு ஆண்டுகள் முன்பே ஒருமுறை உதைத்து மேசை விளக்கை உடைத்தார். வேலைக் களைப்பு என்று நினைத்தேன். அன்று மூன்று நாள் அவரோடு பேசாமல் இருந்தேன். நேற்று அதை அவரிடம் சொல்லி அழுதேன்.

நோட்டுப் போட்டுவிட்டேன். நேற்றைய பதிவு: 12.40 கத்தல், குறட்டை உண்டு, மூச்சு நிற்கவில்லை. 3.10 விழிப்பு, கால் விறைப்பு. பட்டுப் புடவை விரித்திருந்தேன். 3.25க்கு, நான் எழுவதற்குள், தானே சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.