நம் டீமில் ஆளை எடைபோடத் தெரிந்தவர் யாராவது இருக்கிறாரா?

கேள்வி:
இந்தக் கால்பந்து ஆட்டத்தில் தோற்றதில்கூட எனக்கு வருத்தமில்லை. எழுபதாவது நிமிடம், ஒரு கோல் பின்தங்கி இருக்கிறோம். இடது பக்கத் தடுப்பாட்டக்காரர் (லெஃப்ட் பேக்) மூன்றாவது முறையாக அதே இடத்தில் பந்தைப் பறிகொடுக்கிறார். கோச் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். கேப்டன் குனிந்து சாக்ஸை இழுத்துவிட்டுக்கொள்கிறார்! கோல் போட்டது யார்? போன சீசனில் நாமே வேண்டாம் என்று அனுப்பிய பையன். காசைக் கொட்டி எடுத்த ஸ்ட்ரைக்கர் பெஞ்சில். இதற்கெல்லாம் யார் பொறுப்பு?

பதில் 1:
ஆளைத் தவறவிடாத கிளப் எது சொல்லுங்கள்? பின்னாளில் கோல்களாகக் குவித்த ஹாரி கேனைச் சிறுவயதில் ஆர்சனல் அனுப்பிவிட்டது. வேறு கிளப்களில் நட்சத்திரங்களான டி பிராய்னே, சலா இருவரும் செல்சி விற்றுவிட்டவர்கள்தான்.

பதில் 2:
அது சரி. ஆனால் இங்கிலாந்தின் லெஸ்டர் கிளப்பும் இருக்கிறதே. 2012-ல் முக்கிய லீக்குகளுக்கு வெளியே, கீழ்மட்டத்தில் ஆடிக்கொண்டிருந்த வார்டியை எடுத்தார்கள், 2015-ல் கான்டேயை. 2016-ல் நாட்டின் முதல்நிலை லீக் பட்டம். அப்புறம், லெஸ்டருக்கு ஆள் தேடிய ஸ்கவுட் ஸ்டீவ் வால்ஷ் எவர்டன் கிளப்புக்குப் போனார். அங்கே எடுபடவில்லை, 2018-ல் வெளியேறினார். கண் அதே கண்தான். மேலே இருப்பவர்கள் என்ன மாதிரி டீம் வேண்டும் என்று முடிவு செய்யாவிட்டால் ஸ்கவுட் யாரைத் தேடுவார்?

கேள்வி கேட்டவர்:
நம் கிளப்பில் கோச் மாறும்போதெல்லாம் ஆட்ட முறையும் மாறுகிறது. பழைய கோச் கேட்டு வாங்கிய ஆள் புதியவருக்கு ஆவதில்லை. சரி, ஸ்கவுட்டை விட்டுவிடுகிறேன். அந்த சாக்ஸை மட்டும் மன்னிக்க முடியவில்லை.