திமிங்கல வழக்கில் நீதிபதியாக உட்கார்ந்தபோது

மாணவர்கள் ஐ.நா. அவைகளை நடித்துப் பார்க்கும் மாதிரி ஐ.நா. மாநாடு என்றால் பாதுகாப்பு அவைக்கும் பொதுச்சபைக்கும்தான் போட்டி அதிகம். நான் இந்த முறை சர்வதேச நீதிமன்றத்தைக் கேட்டு வாங்கினேன். நீதிபதி இடம் கிடைத்தது. அண்டார்டிக் கடலில் திமிங்கலம் பிடிப்பதற்கு எதிராக ஜப்பான்மீது ஆஸ்திரேலியா 2010இல் தொடுத்த வழக்கு.

மற்ற கமிட்டிகளில் டீ இடைவேளையில் நாலு பேரைச் சேர்த்துத் தீர்மானம் எழுதிவிடலாம். இங்கே வக்கீல்கள் நீதிபதிகளிடம் தனியாகப் பேசவே கூடாது. ஆவணம், சாட்சி, குறுக்கு விசாரணை, அவ்வளவுதான்.

திமிங்கலத்தைக் கொல்வது சரியா என்பதல்ல வழக்கு. திமிங்கல வேட்டை பற்றிய 1946ஆம் ஆண்டு சர்வதேச ஒப்பந்தத்தின் 8ஆவது பிரிவுப்படி, அறிவியல் ஆய்வுக்காகத் திமிங்கலம் பிடிக்க ஒரு நாடு தானே அனுமதி கொடுத்துக்கொள்ளலாம். ஜப்பான் 2005இல் தொடங்கிய ‘ஜார்ப்பா 2’ திட்டம் உண்மையிலேயே ஆய்வுக்காகத்தானா என்பதே கேள்வி. ஆஸ்திரேலியா சார்பில் பேசிய மாணவி கப்பல் தளத்துப் படங்களைக் காட்டினார். வயிற்றைப் பிசைந்தது. ஆனால் அந்தப் படங்களில் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை.

எண்ணிக்கையில் இருந்தது. திட்டப்படி ஆண்டுக்கு மின்கே இனத் திமிங்கலம் 850, ஃபின் இனம் 50, கூன்முதுகுத் திமிங்கலம் 50. பிடித்ததோ, அத்தனை ஆண்டுகளிலும் சேர்த்து ஃபின் 18. கூன்முதுகு ஒன்றுகூட இல்லை. இனங்களுக்கு இடையிலான போட்டியை ஆராய்வதும் நோக்கம் என்றால், இரண்டு இனம் கிட்டத்தட்டக் கிடைக்காமலே போனபோது திட்டத்தை ஏன் மாற்றவில்லை என்று என் பக்கத்து நீதிபதி கேட்டார். போராட்டக் கப்பல்கள் மறித்தன, கூன்முதுகைச் சர்வதேசத் திமிங்கல ஆணையத் தலைவர் கேட்டுக்கொண்டதால் நிறுத்திவைத்தோம் என்றார் ஜப்பான் வக்கீல். நல்ல பதில்தான். ஆனால் அவ்வளவு குறைவாகப் பிடித்தும் ஆய்வு நடக்கும் என்றால், திட்டத்தில் போட்ட அந்த எண்கள் எந்தக் கணக்கில் வந்தன? அதற்கு அவரிடம் ஆவணம் இல்லை. என் மனம் ஆஸ்திரேலியா பக்கம் சாய்ந்தது அங்கேதான்.

அப்புறம் கதவைச் சாத்திக்கொண்டு நீதிபதிகள் மட்டும் பேசினோம். எனக்கு மிகவும் பிடித்த நேரம் அது. ஒருவர் திமிங்கலம் பாவம் என்ற ஒரே காரணத்துக்காக ஆஸ்திரேலியாவுக்கு வாக்களிக்கப் போனார். ஒப்பந்தத்தில் எந்த வரியை வைத்து அப்படித் தீர்ப்பு எழுதுவாய் என்று எல்லோரும் சேர்ந்து கேட்டோம். இன்னொருவர், ஆய்வின் தரத்தை எடைபோட நாம் விஞ்ஞானிகளா என்று கடைசிவரை விடவில்லை. பெரும்பான்மை ஆஸ்திரேலியா பக்கம் போனது. அவர் எழுதிய மாறுபட்ட தீர்ப்பு எங்கள் தீர்ப்பைவிடக் கூர்மையாக இருந்தது என்பதைச் சொல்லியே ஆகவேண்டும்.

ஹேக் நகரில் உள்ள நிஜ சர்வதேச நீதிமன்றமும் 2014 மார்ச் 31 அன்று 12க்கு 4 என்று ஜப்பானுக்கு எதிராகத்தான் முடிவு செய்தது. இந்த வழக்கை எடுப்பவர்கள் மாறுபட்ட அந்த நான்கு நீதிபதிகள் எழுதியதையும் படியுங்கள். அவர்களில் ஒருவரான ஓவாடா ஜப்பானியர், சொந்த நாட்டுக்குச் சாதகமாகத்தான் எழுதுவார் என்று ஒதுக்கிவிட வேண்டாம். மற்ற மூவரும் பிரான்ஸ், மொராக்கோ, சோமாலியா நாட்டவர்கள்.