மேல்தளக் குளியலறைக் கசிவால் வாடகை வீடு பாழானது: பழுதுபார்ப்பும் இழப்பும் யார் பொறுப்பு?

வேளச்சேரி வாடகைதாரர் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். வேளச்சேரியில் ஓர் அடுக்ககத்தின் இரண்டாம் தளத்தில் நானும் என் தாயாரும் இரண்டு ஆண்டுகளாக வாடகைக்குக் குடியிருக்கிறோம். மாத வாடகை 19,000 ரூபாய். அட்வான்ஸாக 1,00,000 ரூபாய் கொடுத்திருக்கிறோம். ஐந்து மாதங்களுக்கு முன் படுக்கையறைக் கூரையின் ஒரு மூலையில் உள்ளங்கை அளவுக்கு ஓதம் தெரிந்தது. அன்றே வீட்டு உரிமையாளரிடம் தொலைபேசியில் சொன்னேன். வெயில் வந்தால் காய்ந்துவிடும் என்றார். அது காயவில்லை, பரவியது. சென்ற வாரம் இரவில் கூரைப் பூச்சு பெயர்ந்து கட்டில் மீது விழுந்தது. அம்மா அன்று கூடத்தில் படுத்திருந்ததால் பிழைத்தார் என்றுதான் சொல்ல வேண்டும். மெத்தையும் மர அலமாரியும் வீணாகிவிட்டன. அலமாரியின் அடித்தட்டில் இருந்த புடவைகளிலும் என் கல்விச் சான்றிதழ்களின் நகல்களிலும் பூஞ்சை பிடித்துவிட்டது.

மேல்வீட்டுக் குளியலறையிலிருந்துதான் நீர் இறங்குகிறது என்று குழாய்ப் பணியாளர் சொல்கிறார். எங்கள் உரிமையாளரோ, "தவறு மேல்வீட்டுக்காரருடையது, அவரிடமே கேளுங்கள்" என்கிறார். மேல்வீட்டில் இருப்பவரும் வாடகைதாரர்தான். அவருடைய உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கிறார். இதற்கிடையில், நாங்கள் காலி செய்தால் வண்ணம் பூசும் செலவை அட்வான்ஸில் பிடித்துக்கொள்ளப்போவதாக எங்கள் உரிமையாளர் சொல்கிறார். பழுதை யார் சரிசெய்ய வேண்டும்? அதுவரை வாடகையை நிறுத்தி வைக்கலாமா? வீணான பொருள்களுக்கு இழப்பீடு கேட்க வழியுண்டா?

வழக்குரைஞர் ஒருவரின் பதில்:

அம்மா, உங்கள் கேள்வியில் மூன்று தனித்தனிச் செய்திகள் பின்னிக் கிடக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்த்தால்தான் யாரிடம் எதைக் கேட்பது என்பது தெளிவாகும்.

தமிழ்நாட்டில் 1960ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது இல்லை. வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் ஆகியோரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் 2017ஆம் ஆண்டுச் சட்டம், 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 15ஆம் பிரிவும் இரண்டாம் அட்டவணையும்தான் உங்களுக்கு முக்கியம். வாடகைதாரர் விளைவித்த சேதம் நீங்கலாகக் கட்டடத்தின் கட்டமைப்புப் பழுதுகள், சுவருக்கு வெள்ளையடித்தல், கதவு சன்னல்களுக்கு வண்ணம் பூசுதல், தேவைப்படும்போது குழாய்களை மாற்றுதல், மின்கம்பி அமைப்பு ஆகியவற்றை அந்த அட்டவணை உரிமையாளரின் பொறுப்பில் வைக்கிறது. குழாய் வாஷர் மாற்றுவது, வடிகால் அடைப்பு எடுப்பது, கழுவுதொட்டி, கீசர், சுவிட்சு போன்றவற்றைச் சரிசெய்வது வாடகைதாரரின் பொறுப்பு. ஆகவே, ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதப்படாதவரை, பெயர்ந்து விழுந்த கூரை உங்கள் கணக்கில் வரவே வராது. வண்ணம் பூசும் செலவை அட்வான்ஸில் பிடிப்பதற்கும் இந்தச் சூழலில் நியாயமில்லை.

"மேல்வீட்டுக்காரரிடம் கேளுங்கள்" என்ற பதிலை ஏற்றுக்கொள்ளாதீர்கள். நீங்கள் ஒப்பந்தம் செய்திருப்பது உங்கள் உரிமையாளரிடம். வாடகை கொடுப்பதும் அவருக்குத்தான். நீர் எங்கிருந்து வந்தாலும், குடியிருக்கத் தக்க வீட்டை உங்களுக்குத் தரவேண்டிய கடமை அவரை விட்டு நீங்குவதில்லை. மேல்வீட்டு உரிமையாளரிடமிருந்து செலவைத் திரும்பப் பெறுவது அவர் பார்த்துக்கொள்ள வேண்டிய வேலை.

வாடகையை முழுவதும் நிறுத்தாதீர்கள். இதில்தான் நியாயம் தம் பக்கம் இருந்தும் பலர் வழக்கில் தோற்கிறார்கள். வாடகை இரண்டு மாதம் நிலுவையில் நின்று, கேட்பு அறிவிப்புக்குப் பிறகும் செலுத்தப்படாமல் இருந்தால், அதுவே உங்களை வெளியேற்றக் காரணமாகிவிடும். சட்டம் வேறொரு வழியைத் தருகிறது. உரிமையாளர் தம் பொறுப்பிலுள்ள பழுதைச் சரிசெய்ய மறுத்தால், நீங்களே சரிசெய்துகொண்டு செலவை வாடகையில் கழிக்கலாம். ஆனால் எந்த ஒரு மாதத்திலும் வாடகையில் பாதிக்கு மேல் கழிக்கக் கூடாது. உங்கள் கூரையைச் செப்பனிட 26,000 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் இரண்டு மாதங்களில் 9,500 ரூபாய் வீதமும் மூன்றாம் மாதத்தில் 7,000 ரூபாயும் கழித்து மீதி வாடகையைத் தவறாமல் செலுத்தலாம். இந்த உரிமை உங்கள் வீட்டுக்குள் செய்யும் வேலைக்குத்தான் பொருந்தும். மேல்வீட்டுக் குளியலறையை உங்களால் உடைத்துப் பார்க்க முடியாது; ஊற்றுக்கண் அடைபடாமல் கூரையை மட்டும் பூசினால் அந்தப் பணம் வீண்தான்.

பழுது நீங்காமல் வீடு குடியிருக்கவே தகுதியற்றதாகி, எழுத்து மூலம் கேட்டும் உரிமையாளர் மறுத்தால், 15 நாள் எழுத்துமூல அறிவிப்புக் கொடுத்துவிட்டு வீட்டைக் காலி செய்யலாம். ஒப்பந்தக் காலம் முடியவில்லை என்று அவர் உங்களைத் தடுக்க இயலாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள் அட்வான்ஸைத் திருப்பித் தரவேண்டும் என்று 11ஆம் பிரிவு சொல்கிறது; உங்களால் உண்மையிலேயே ஏற்பட்ட நிலுவையைத்தான் அதில் கழிக்கலாம். மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்பதே பொது விதி. இருதரப்பும் வேறுவிதமாக ஒப்புக்கொண்டிருந்தால் அதற்கு விலக்கு இருப்பதால், உங்கள் 1,00,000 ரூபாயை அந்த ஒரு காரணத்தை வைத்து மட்டும் எதிர்க்க முடியாது.

இவை எல்லாவற்றுக்கும் அடிப்படை, நீங்கள் எழுத்தில் கேட்டிருக்க வேண்டும் என்பதுதான். தொலைபேசியில் ஐந்து மாதம் பேசியதை நாளை உரிமையாளர் மறுத்தால் உங்கள் கையில் ஒன்றும் இருக்காது. இன்றே ஒரு கடிதம் எழுதுங்கள். ஓதம் முதலில் தெரிந்த நாள், பூச்சு விழுந்த நாள், வீணான பொருள்கள், பழுதுபார்க்க நீங்கள் தரும் காலக்கெடு ஆகியவற்றைக் குறிப்பிட்டு, ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, அதே கடிதத்தை வாட்ஸ்அப்பிலும் அனுப்பிவையுங்கள். படங்கள் எடுத்த கைப்பேசியை விற்றுவிடாமலும் படங்களை அழித்துவிடாமலும் வைத்திருங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி, மின்னணுச் சான்றுகளுக்கு உரிய சான்றிதழ் இணைக்க வேண்டியிருக்கும்.

வீணான பொருள்களுக்கான இழப்பீடு தனிக் கோரிக்கை. தெரிவித்த பிறகும் பழுதைக் கவனிக்காமல் விட்டதால் நேர்ந்த இழப்பு என்று காட்டினால், உங்கள் உரிமையாளரிடமும் மேல்வீட்டு உரிமையாளரிடமும் உரிமையியல் நீதிமன்றத்தில் கேட்கலாம். அதற்கு முன் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி, வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. வழக்குக்கு முன்பே இருதரப்பையும் அழைத்துச் சமரசம் பேசவும் அங்கே ஏற்பாடு இருக்கிறது.

உங்கள் வாடகை ஒப்பந்தம் வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யப்பட்டதா என்பதைத் தெரிவியுங்கள். பதினொரு மாத ஒப்பந்தத்துக்குப் பதிவு வேண்டாம் என்று பலர் எண்ணுகிறார்கள். அது 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தை வைத்து எழுந்த பழக்கம். 2017ஆம் ஆண்டுச் சட்டம் அப்படி விலக்கு எதுவும் தரவில்லை.

கட்டடப் பொறியாளர் ஒருவரின் பதில்:

சட்டத்தைப் பற்றி மேலே உள்ளவர் எழுதிவிட்டார். நான் சொல்ல வருவது பாதுகாப்பு பற்றியது. பூச்சு மட்டும் விழுந்ததா, உள்ளே கம்பி தெரிகிறதா என்று பாருங்கள். கம்பி துருப்பிடித்தால் பருத்து, தன்னை மூடியுள்ள கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும்; அந்த நிலை வந்துவிட்டால் அது வெறும் பூச்சு வேலையன்று. அந்த அறையில் யாரும் படுக்க வேண்டாம். கூரை விளக்குக்கும் மின்விசிறிக்கும் செல்லும் இணைப்பை மெயின் போர்டிலேயே துண்டித்துவிடுங்கள். ஈரமான கான்கிரீட்டுக்குள் செல்லும் மின்குழாய் வழியே நீர் சுவிட்சு வரை இறங்கி வருவதை நான் நேரில் கண்டிருக்கிறேன்.

நம் ஊர் அடுக்ககங்களில் குளியலறைத் தளத்தைச் சற்றுத் தாழ்த்தி அமைத்து, அதற்குள் கழிவுக் குழாய்களைப் படுக்கவைத்து, செங்கல் ஜல்லியால் நிரப்பி மேலே டைல்ஸ் பதிப்பது வழக்கம். தரையின் வடிகால் வாயில் பொருத்தும் நஹானி ட்ராப்பைச் சுற்றியுள்ள இணைப்போ டைல்ஸ் இடுக்கோ விட்டுப்போனால், நீர் தாழ்த்தப்பட்ட அந்தத் தொட்டி போன்ற பகுதிக்குள் தேங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே ஊறும். மேல்வீட்டில் நான்கு நாள் குளியலறையைப் பயன்படுத்தாமல் இருந்தும் கசிவு நிற்காவிட்டால், அதை வைத்து மட்டும் அது குளியலறையால் வந்ததன்று என்று முடிவுகட்ட முடியாது. முறையாகச் சோதிக்க வேண்டுமென்றால், வடிகால் வாயை அடைத்து, தளத்தில் இரண்டு அங்குல உயரத்துக்குச் சாயம் கலந்த நீரை ஒரு நாள் முழுவதும் தேக்கிவையுங்கள். கீழே அந்தச் சாயம் தெரிந்தால் வாதத்துக்கு இடமே இல்லை. தெரியாவிட்டால், நீர் வரத்துக் குழாயின் வால்வை மூடிவைத்து ஈரம் குறைகிறதா என்று பார்க்க வேண்டும். சோதனையின்போது இரு வீட்டுக்காரர்களும் அடுக்கக உரிமையாளர் சங்கத்தின் பிரதிநிதி ஒருவரும் உடனிருந்து கையெழுத்திடுவது நல்லது.

தாம்பரம் வீட்டு உரிமையாளர் ஒருவரின் பதில்:

நானும் ஒரு வீட்டை வாடகைக்கு விட்டிருப்பவன். என் குடித்தனக்காரர் இதே புகாரைச் சொன்னபோது உங்கள் உரிமையாளர் சொன்ன அதே பதிலைத்தான் நானும் சொன்னேன். அது தவறு என்பது அந்தக் குடும்பம் மூன்று மாதம் துன்பப்பட்ட பிறகுதான் எனக்குப் புரிந்தது. மேல்வீட்டு வாடகைதாரருக்குக் குளியலறையை உடைக்கும் அதிகாரம் இல்லை. கீழ்வீட்டு வாடகைதாரர் சொல்வதை மேல்வீட்டு உரிமையாளர் காதில் வாங்குவதில்லை. உரிமையாளர்கள் இருவரும் பேசினால்தான் வேலை நகரும். எனவே உங்கள் கடிதத்தின் நகலைச் சங்கச் செயலாளருக்கும் அனுப்புங்கள். நீர் வருவது மொட்டை மாடியிலிருந்தோ பொதுக் கழிவுக் குழாயிலிருந்தோ என்று தெரிந்தால், அதைச் செப்பனிட வேண்டியது சங்கமே.

இன்னொன்றையும் உங்கள் உரிமையாளரிடம் சொல்லுங்கள். கட்டடம் புதிதாக இருந்தால், ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14ஆம் பிரிவின்படி, வீட்டை ஒப்படைத்த ஐந்து ஆண்டுகளுக்குள் தெரியவரும் கட்டமைப்புக் குறையையும் வேலைத்தரக் குறையையும் கட்டுநர் தம் செலவில் 30 நாளில் சரிசெய்து தரவேண்டும். அந்த உரிமை வீடு வாங்கியவருக்கு உரியது என்பதால் நீங்கள் நேரடியாகக் கேட்க முடியாது. ஆனால் தம் கைப்பணம் செலவாகாது என்று தெரிந்தால் உரிமையாளர்கள் இருவருமே விரைந்து செயல்படுவார்கள்.

ஒரு வேண்டுகோள்: பழுதுபார்க்க ஆள் வரும்போது கதவைத் திறந்துவிடுங்கள். 24 மணி நேரத்துக்கு முன் எழுத்தில் தெரிவித்துவிட்டுத்தான் உரிமையாளர் வரவேண்டும் என்பது சட்டம். ஆனாலும் அவசரப் பழுதின்போது அதை ஒரு தடையாக்க வேண்டாம்.

முடிச்சூர்வாசி ஒருவரின் பதில்:

2015 டிசம்பர் வெள்ளத்தில் தரைத்தள வாடகை வீட்டில் எங்கள் பொருள்கள் அனைத்தையும் இழந்தோம். வெள்ளத்துக்கு யார் மீதும் குற்றம் சொல்ல இயலாததால் எங்களுக்கு எங்கிருந்தும் ஒரு ரூபாய் வரவில்லை. வீட்டுக் காப்பீடு சொந்த வீட்டுக்காரர்களுக்கு மட்டும்தான் என்று அப்போது நினைத்திருந்தோம். 2021 ஏப்ரல் 1 முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் வழங்கும் பாரத் கிருஹ ரக்ஷா திட்டத்தில், வீட்டுப் பொருள்களுக்கு மட்டும் வாடகைதாரர்களே காப்பீடு எடுக்கலாம். புயல், வெள்ளத்துடன், தண்ணீர்த் தொட்டியோ குழாயோ வெடித்து வழிவதால் ஏற்படும் சேதமும் அதில் அடங்கும். மெதுவாக ஊறும் கசிவை அப்படிக் கருதுவார்களா என்பதைப் பாலிசியின் வாசகத்தைப் படித்த பிறகே முடிவு செய்யுங்கள். மெத்தையையும் அலமாரியையும் படம் எடுத்து, வாங்கிய ரசீதைத் தேடி எடுத்துவைக்கும் வரை வெளியே எறிய வேண்டாம்.

வேளச்சேரி வாடகைதாரர்:

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. கடிதத்தை ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, நகலைச் சங்கச் செயலாளரிடம் கொடுத்துக் கையெழுத்தும் வாங்கிவிட்டேன். எங்கள் ஒப்பந்தம் பதிவு செய்யப்படவில்லை என்பது இப்போதுதான் தெரிந்தது. அதை முறைப்படுத்தித் தருமாறு அதே கடிதத்தில் கேட்டிருக்கிறேன். சனிக்கிழமை சாயநீர்ச் சோதனை நடந்தது. மறுநாள் காலை எங்கள் கூரையில் நீலநிறம் தெளிவாகத் தெரிந்தது. வீடுகளை ஒப்படைத்து ஐந்து ஆண்டு நிறைவடைய இன்னும் ஒன்பது மாதங்கள் இருப்பதாகச் செயலாளர் சொன்னார். அதைக் கேட்ட பிறகு எங்கள் உரிமையாளரே வெளிநாட்டில் உள்ள மேல்வீட்டு உரிமையாளரிடம் பேசியிருக்கிறார். இருவரும் சேர்ந்து கட்டுநருக்கு எழுதுகிறார்கள். வண்ணச் செலவை அட்வான்ஸில் பிடிப்பது பற்றி அவர் இன்னும் எதுவும் சொல்லவில்லை. அதையும் எழுத்தில் தருமாறு கேட்டிருக்கிறேன். கம்பி எதுவும் வெளியே தெரியவில்லை. இம்மாத வாடகையை முழுமையாகச் செலுத்திவிட்டேன். படுக்கையறையைப் பூட்டி வைத்திருக்கிறோம்.