டென்னிஸ் ராக்கெட்டுல வெயிட் ஏத்தணும், பேலன்ஸும் மாறக் கூடாது, எங்க ஒட்டறது?

டாப்ஸ்பின் தம்பி:
வணக்கம் மக்களே. என் டென்னிஸ் ராக்கெட் ஸ்ட்ரிங், ஓவர்கிரிப் (கைப்பிடி மேல சுத்தற பட்டை) எல்லாம் சேர்த்து 320 கிராம், பேலன்ஸ், அதாவது எடை ரெண்டு பக்கமும் சமமா நிக்கற இடம், கைப்பிடி அடியிலேருந்து 32.5 செ.மீ. சாதாரண ராலில ஒரு குறையும் இல்ல, ஆனா எதிர்ல நல்லா அடிக்கிற ஆளு வந்துட்டா போச்சு, பால் லேசா ஓரத்துல பட்டாலே ராக்கெட் கையில திருகிக்குது, பால் தரையில படறதுக்கு முன்னாடி அடிக்கிற வாலி ஷாட்ல இன்னும் மோசம். லெட் டேப் (எடைக்காக ஒட்டற ஈயப் பட்டை) வாங்கி வச்சுட்டேன், ஆனா ஆளுக்கொரு இடம் சொல்றாங்க. தலையில ஒட்டினா ஹெட் ஹெவி (தலைப்பக்கம் கனம்) ஆயிடுமோன்னு பயம், அதனால மொத்தத்தையும் கைப்பிடிக்குள்ளயே வச்சுட்டா வெயிட்டும் ஏறும், ஹெட் லைட்டாவும் இருக்கும்ல?

பழைய ரெஃப்ரி:
வெயிட் ஏறும் தம்பி, ஆனா திருகுறது நிக்காது. ராக்கெட் திருகுறது அதோட நீளவாக்கு நடுக்கோட்டைச் சுத்தி. அந்தக் கோட்டுலேருந்து எவ்வளவு தள்ளி வெயிட் இருக்கோ அவ்வளவு நல்லா எதிர்த்து நிக்கும். கைப்பிடி அந்தக் கோட்டு மேலயே தான இருக்கு, அதுக்குள்ள எவ்வளவு திணிச்சாலும் திருகல் அப்படியே தான் இருக்கும். ராக்கெட் தலையை கடிகார முகம் மாதிரி நினைச்சுக்கங்க, உச்சியில, அதாவது 12 மணி இடத்துல ஒட்டினாலும் இதே கதை தான். உங்களுக்கு வேண்டியது 3 மணியும் 9 மணியும், அதாவது ரெண்டு ஓரமும்.

அடுத்து ஸ்விங்வெயிட், அதாவது வீசும்போது ராக்கெட் எவ்வளவு கனமா தெரியுதுங்கறது. அதை கைப்பிடி அடியிலேருந்து 10 செ.மீ. தள்ளி ஒரு அச்சு வச்சு கணக்கு பண்ணுவாங்க. ஒட்டற எடையை கிலோவுல எடுத்துக்கங்க, அச்சுலேருந்து இருக்கற தூரத்தை செ.மீ.ல எடுத்து வர்க்கம் பண்ணி அதோட பெருக்குங்க, அவ்வளவு தான். 3, 9 மணி இடம் அடியிலேருந்து சுமார் 53 செ.மீ.ன்னு வச்சா அங்க ரெண்டு பக்கமும் சேர்த்து 4 கிராமுக்கு ஸ்விங்வெயிட் ஏழு பாயிண்ட் சொச்சம் ஏறும். அதே 4 கிராம் உச்சியில போட்டா 13க்கு மேல போயிடும், சர்வ்ல பவர் வரும், ஆனா ரெண்டாவது செட்லயே தோள் கெஞ்சும்.

இப்ப பேலன்ஸ். 4 கிராம் 3, 9ல போட்டா உங்க பேலன்ஸ் 2.5 மி.மீ. தான் மேல நகரும். பேலன்ஸ் கணக்குல ஒரு பாயிண்ட்ங்கறது 3.2 மி.மீ., அப்ப ஒரு பாயிண்ட்டு கூட இல்ல. அதுவும் உறுத்தினா அடியிலேருந்து 5 செ.மீ.ல 3 கிராம் வைங்க, பழைய 32.5க்கே வந்துடும். ஆனா ஒண்ணு, பேலன்ஸ் திரும்பிடுச்சுன்னா ஸ்விங்வெயிட்டும் திரும்பிடுச்சுன்னு நிறைய பேர் நினைச்சுக்கறாங்க. அது இறங்காது, தலையில ஏத்தினது ஏத்தினது தான்.

ஸ்லைஸ் பாண்டி:
ரெஃப்ரி அண்ணன் சொல்றது கணக்குப்படி கரெக்ட்டு தான், ஆனா எடுத்த எடுப்புல 4 கிராம் வேணாம் ப்ரோ. பக்கத்துக்கு 1 கிராம் போட்டு சில நாள் ஆடுங்க, முக்கியமா களைச்சுப் போன நேரத்துல ஆடிப் பாருங்க, முதல் அரை மணி நேரத்துல எந்த ராக்கெட்டும் சூப்பரா தான் தெரியும். பழைய டென்னிஸ் சாம்பியன் பீட் சாம்ப்ராஸ் லெட் டேப் ஒட்டி கனமாக்கின ராக்கெட்ல ஆடினாருன்னு நாமளும் அள்ளி ஒட்டினா முழங்கை தான் போகும். அப்புறம் லெதர் கிரிப் மாத்தினா கைப்பிடி பக்கம் 10 கிராம் கிட்ட தானா ஏறிடும், எனக்கு அந்த ஃபீல் தான் புடிக்கும்.

டாப்ஸ்பின் தம்பி:
அட, கைப்பிடி மேட்டர் சுத்தமா புரிஞ்சுது. சரி, எப்படி ஒட்டறது? டோர்னமெண்ட்ல ஏதாவது சொல்லுவாங்களா?

நெட் ஏறும் மாமா:
ரூல்ஸ்ல பிரச்சனையே இல்ல. ஐடிஎஃப் (சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு) விதியில ஃப்ரேம்ல எடையைப் பிரிச்சு வைக்கிறதுக்காக ஒட்டற பொருளுக்கு அனுமதி இருக்கு, ஃப்ரேம்ல மட்டும், ஸ்ட்ரிங்ல கூடாது. எடைக்கு உச்ச வரம்பே கிடையாது, நீளம் தான் 73.7 செ.மீ. தாண்டக் கூடாது.

ஒட்டறதுக்கு முன்னாடி ஃப்ரேம நல்லா தொடச்சு எண்ணெய்ப் பசை இல்லாம பண்ணுங்க. ஹெட்டோட உள்பக்கம், ஸ்ட்ரிங் வர்ற ஓட்டைக்கு ரெண்டு புறமும் ஒவ்வொரு துண்டு, எதிர்ப்பக்கமும் அதே அளவு. இஞ்ச் கணக்கை நம்பாதீங்க, துண்டை சமையல் தராசுல போட்டு எடை பார்த்து வெட்டுங்க. அது ஈயம், ஒட்டி முடிச்சதும் கையை சோப்பு போட்டு கழுவிடுங்க, மேல ஒரு சுத்து இன்சுலேஷன் டேப் போட்டா உரியாது. வீட்ல குட்டிப் பசங்க இருந்தா ஈயம் இல்லாத டங்ஸ்டன் டேப்பே வாங்கிடுங்க. கைப்பிடி வெயிட்டுக்கு அடியில இருக்கற பட் கேப் மூடியைத் திறந்து உள்ள புட்டி வச்சு, ஆடாம இருக்க பஞ்சு அடைங்க.

டாப்ஸ்பின் தம்பி:
சூப்பர் மாமா. இன்னொரு ராக்கெட் இருக்கு, அதே மாடல் தான், ஆனா 5 கிராம் கம்மியா காட்டுது. ரெண்டுலயும் ஒரே அளவு ஒட்டிடவா?

பழைய ரெஃப்ரி:
வேணாம். ஒரே மாடல்ல இந்த வித்தியாசம் சகஜம் தான். ரெண்டுலயும் ஒரே ஸ்ட்ரிங், ஒரே ஓவர்கிரிப் போட்டுட்டு திரும்ப அளந்து பாருங்க. முதல்ல லேசானதை கனமானதோட எடைக்கும் பேலன்ஸுக்கும் கொண்டு வாங்க, அப்புறம் தான் ரெண்டுலயும் 3, 9க்கு போகணும்.