பொருள்: அமரியோ பாடம் – ‘டிமினுட்டிவ்’ தமிழில் என்ன?

அனைவருக்கும் வணக்கம்.
ஸ்பானிய நிறப்பெயர்ப் பாடம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மஞ்சளைக் குறிக்கும் ‘அமரியோ’வில் முட்டி நிற்கிறேன். இலத்தீனில் ‘அமாருஸ்’ என்றால் கசப்பானது. ‘-எல்லுஸ்’ சேர்ந்து ‘அமாரெல்லுஸ்’. பித்தம் கசக்கும்; காமாலை கண்டவர் முகம் வெளிறி மஞ்சளிக்கும்; அதிலிருந்து நிறப்பெயர் வந்தது என்பதே பலரும் சொல்லும் விளக்கம். அந்த ‘-எல்லுஸ்’ டிமினுட்டிவ் ஒட்டு; அதாவது ‘சின்னது’, ‘லேசானது’ என்ற பொருளைச் சேர்க்கும் பின்னொட்டு. இப்போதைக்குக் ‘குறுக்க ஒட்டு’ என்று போட்டிருக்கிறேன். சரியா?

---
> குறுக்க ஒட்டு

வேண்டாம் ஐயா. ஐகாரக் குறுக்கம், மகரக் குறுக்கம் படித்த பிள்ளைகள் மாத்திரை குறைகிறது என்றே எடுத்துக்கொள்வார்கள். இங்கே சொல் நீள்கிறது. ‘சிறுமை ஒட்டு’ போதும். சிற்றூர், சிறுகதை தெரியாதவர் இல்லை.

---
> சிறுமை ஒட்டு

‘சிறுமைப்படுத்தினார்’ என்று செய்தியில் அன்றாடம் அடிபடும் சொல். மரபியலில் பார்ப்பு, பறழ், குட்டி, குருளை என 9 சொற்களை இளமைப் பெயர் என்கிறார் தொல்காப்பியர். ‘இளமை ஒட்டு’ என்போம். அமாரெல்லுஸ் சின்னக் கசப்பு அன்று, கசப்பின் லேசான சாயல். இளநீலம், இளஞ்சூடு என்பவற்றில் ‘இள’ செய்வதும் அதே வேலைதான்.

---
நிறத்துக்குப் பொருந்தும் அம்மா, மற்றவற்றுக்கு? கத்தி ‘குச்சியோ’, மூலம் குல்தெல்லுஸ். கோட்டை ‘காஸ்தியோ’, மூலம் காஸ்தெல்லும். கத்திக்கும் கோட்டைக்கும் ஏது இளமை?

பெயரைவிட ஒலிமாற்றம் முக்கியம். அதைப் பாடத்தில் சேருங்கள். காஸ்தீலிய மொழியில், அதாவது ஸ்பானியத்தில், ‘-எல்லுஸ்’ ஒட்டின் எகரம் ‘இயெ’ ஆகி, பிறகு இகரமாகச் சுருங்கியது. போர்த்துகீசியத்தில் எகரம் அப்படியே நிற்கிறது: ‘அமரேலு’. இதை விட்டுவிட்டால் மாணவர் இன்றைய ஸ்பானியத்திலேயே சொல்லைப் பிரித்து ‘சின்ன அமரோ’ என்று எழுதிவிடுவார். இத்தாலியம், பிரெஞ்சு, ருமேனியம் மூன்றுக்கும் இந்தக் கசப்பு விளக்கம் ஆகாது. அவற்றின் மஞ்சள் ‘கால்பினுஸ்’ என்ற வேறொரு இலத்தீன் சொல் வழி வந்தது.

---
ஒன்று விட்டுப்போயிற்று. அமாருஸுக்கும், வடமொழியில் புளிப்பைக் குறிக்கும் ‘அம்ல’த்துக்கும் உறவு காட்டுவோர் உண்டு. அப்படியானால் நம் ‘அமிலம்’ அமரியோவுக்குத் தூரத்துச் சொந்தம். புளிப்பு அங்கே போய்க் கசந்தது எப்படி? இதையும் பேசுவோமே.

---
அமிலத்துக்குத் தனி இழை தொடங்குங்கள், ஐயா. இதுவரை சிறுமைக்கு நால்வர், இளமைக்கு இருவர். ‘சிறுமை ஒட்டு’ என்றே அனுப்புகிறேன். ஒலிமாற்றத்துக்கு ஒரு பத்தி சேர்த்தாயிற்று. இளமை ஒட்டு அடிக்குறிப்பில் வரும்.

---
அடிக்குறிப்பு போதாது. இளஞ்சிவப்பை யாரும் சிறுசிவப்பு என்பதில்லை. அடுத்த பதிப்பின்போது மறுபடி கேட்பேன்.